இரவு விலங்குகளுக்கு, பகல் நமக்கு

சங்ககிரி துர்க்கத்தைக் கேள்விப்பட்டிருக்கும் வெளியூர் அன்பர்களுக்கு அதன் பெயர் இரண்டு விதத்தில்தான் பழக்கமாகியிருக்கும். ஒன்று, 1805-ஆம் வருஷத்தில் தீரன் சின்னமலையைக் கும்பெனியார் தூக்கிலிட்ட மலைக்கோட்டை. மற்றொன்று லாரி. இவ்வூர்க் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பது அரிச்சுவடியிலா, அல்லது லாரியின் பின்புறத்தில் எழுதியிருக்கும் வாசகங்களிலா என்று நமக்கே சில சமயம் சந்தேகம் வருவதுண்டு. வகுப்பில் 'உன் தகப்பனார் என்ன செய்கிறார்?' என்று கேட்டால், பத்துப் பையன்களில் நாலைந்து பேராவது லாரி ஓட்டுகிறார், லாரிக்குச் சொந்தக்காரர், லாரிப் பட்டறையில் வேலை என்று ஏதாவது ஒரு விதத்தில் சக்கரத்தோடு சம்பந்தப்பட்ட பதிலையே சொல்வார்கள்.

ஆகையால், கானகத்தையும் அதிலுள்ள ஜீவராசிகளையும் பார்த்து வரலாம் என்று நாமும் சக உபாத்தியாயர் மூவரும் குடும்ப சகிதமாகப் புறப்பட்டபோது, ஊர்க்காரர் சிலர் சிரித்தார்கள். "ஏனுங்க வாத்தியாரய்யா, புலியினாலே எங்கள் பிழைப்பில் பாதி போயிற்று. அதைப் பார்க்க நீங்கள் பணம் கொடுத்துப் போகிறீர்களா?" என்று கேட்டார் ஒரு லாரி முதலாளி. கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்பட்டதுதான். ஆனால் அதில் உண்மையும் இருந்தது. அது என்ன உண்மை என்பதைப் போகிற வழியிலேயே பார்த்துவிடலாம்.

சங்ககிரியிலிருந்து முதுமலைக்குப் போகக் கோயமுத்தூர், உதகமண்டலம் வழியாக ஒரு பாதை உண்டு. நாம் சென்றது மற்றொரு பாதை. பவானி, கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், பண்ணாரி, அங்கிருந்து மலையேறித் திம்பம், ஆசனூர், அப்பால் கர்நாடக ராஜ்யத்தில் சாமராஜநகர், குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், பிறகு முதுமலை. சரித்திரத்தில் ருசியுள்ளவர்களுக்கு இந்தத் திசையே தனிச் சுவை உடையது. திம்பம் சாலைக்கு மேற்கே, மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி, கஜலஹட்டிக் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. மைசூர்ச் சேனைகள் கொங்கு நாட்டில் இறங்கும் வாசல் அது. 1790-ஆம் வருஷத்தில் திப்பு சுல்தான் அந்த வழியாகத்தான் இறங்கிச் சத்தியமங்கலத்தருகே கும்பெனிப் படையைத் தாக்கினார். இரண்டு வருஷத்துக்குப் பின், 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் சேலம் சீமை கும்பெனியார் கைக்குப் போயிற்று. திப்புவின் குதிரைகளும் பீரங்கி மாடுகளும் சென்ற திசையில் இன்று லாரிகள் செல்கின்றன. இரண்டு காலத்திலும் வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவை யானைகள்தாம்.

பண்ணாரி அம்மன் கோயிலை நாம் அடைந்தபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. சோதனைச் சாவடிக்கு முன்னால், சாலை ஓரத்தில், லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எறும்புச் சாரைபோல் நின்றிருந்தன. கோயில் வாசலில் டீக்கடைகள் விழித்துக் கொண்டிருந்தன. காலை 6 மணிக்குத்தான் சாவடி திறக்கும் என்றார்கள்.

இந்தக் காத்திருத்தலின் வரலாற்றைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். பண்ணாரியிலிருந்து திம்பம் வழியாகக் காராப்பள்ளம் எல்லைச் சாவடி வரையிலுள்ள சாலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே செல்கிறது. மலையேற்றத்தில் மட்டும் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஈரோடு ஜில்லாக் கலெக்டர் 2019-ஆம் வருஷ ஆரம்பத்தில் இச்சாலையில் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்து ஓர் உத்தரவு பிறப்பித்தார். உத்தரவு காகிதத்தில் இருந்தது. லாரிகள் சாலையில் இருந்தன. மூன்று வருஷம் இப்படியே கழிந்தது. பிறகு விவகாரம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய், 2022 பிப்ரவரி 10 முதல் தடை மெய்யாகவே அமலுக்கு வந்தது. பார வண்டிகளுக்கு மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரையும், சிறு மோட்டார்களுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையும் வழி கிடையாது. சில வாரங்களுக்குப் பின் கோர்ட்டார் சில திருத்தங்கள் செய்தார்கள். மலைமேல் வசிக்கும் ஜனங்களுக்குச் சலுகை கிடைத்தது. ஆனால் 16.2 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தோடு வரும் பல சக்கர லாரிகளுக்கு அந்த மலைப்பாதை பகலிலும் இல்லை என்று ஆயிற்று. நம் ஊர் லாரி முதலாளி சொன்ன 'பாதிப் பிழைப்பு' இதுதான். இரவில் ஏற்றி விடியலில் இறக்குவது என்ற கணக்கிலே நடந்துவந்த தொழில், ஒரு கையெழுத்தில் கணக்கு மாறிப்போயிற்று.

மறுபக்கத்தின் கணக்கையும் பார்க்க வேண்டுமல்லவா? 2012 முதல் 2021 வரை அந்தச் சாலையில் வண்டிகளில் அடிபட்டு இறந்த காட்டு விலங்குகள் நூற்றைம்பதுக்கு மேல் என்றும், அவற்றில் எட்டுச் சிறுத்தைகளும் ஒரு புலியும் அடக்கம் என்றும் வழக்கு நடந்த காலத்தில் பத்திரிகைகளில் வெளியாயிற்று. காட்டு மிருகங்களுக்கு இரவுதான் பகல். நீர் தேடுவதும் இரை தேடுவதும் இரவில். அப்பொழுது குறுக்கே ஒரு நெருப்பு ஆறு ஓடினால் எப்படியோ, அப்படித்தான் விளக்கெரித்து ஓடும் லாரிகளின் வரிசை அவற்றுக்கு. மானின் கண்ணில் விளக்கொளி பட்டால் அது ஓடுவதில்லை, திகைத்து நின்றுவிடுகிறது.

டீ அருந்திக்கொண்டிருந்த ஒரு டிரைவரோடு பேச்சுக் கொடுத்தோம். திருச்செங்கோட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். "பன்னிரண்டு மணி நேரம் அதுகளுக்கு, பன்னிரண்டு மணி நேரம் நமக்கு. அண்ணன் தம்பி பாகப் பிரிவினைகூட இத்தனை நேர்த்தியாக நடக்காதுங்க" என்றார். "உங்களுக்கு நஷ்டமில்லையா?" என்று கேட்டோம். "நஷ்டம் இல்லாமலா? காத்திருக்கிற நேரத்துக்கு முதலாளி பேட்டா கொடுப்பாரா? ஆனால் ஒன்றுங்க. முன்னே இந்த மலையில் விடிய விடிய வண்டி நகராமல் வளைவில் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறோம். இப்போது ராத்திரி கீழே தூங்கிவிட்டுப் போகிறோம். தூங்கி எழுந்தவன் ஓட்டுகிற வண்டியில் மானும் சாகாது, மனுஷனும் சாகமாட்டான்." அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே நமக்குப் பட்டது. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது என்ற அவருடைய கேள்விக்கு மட்டும் நம்மிடம் பதில் இல்லை. புலியைக் காப்பாற்றும் செலவில் ஒரு பங்கு அந்த டிரைவரின் சட்டைப் பையிலிருந்து போகிறது என்பதைப் பட்டணத்தில் உட்கார்ந்து வனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பது நல்லது.

6 மணிக்குச் சாவடி திறந்தது. மலையேறி ஆசனூரைத் தாண்டிக் காராப்பள்ளத்தை நெருங்கும் வழியில் யானைகள் கரும்பு லாரிகளை மறித்து நிற்பதைப் பற்றி நேயர்கள் படித்திருப்பீர்கள். பாரத்துக்கு அதிகமாகக் கரும்பை அடுக்கிவரும் லாரிகள், சாவடியில் உயரத்தைக் குறைப்பதற்காகக் கொஞ்சம் கரும்பைத் தள்ளிவிட, யானைகள் அந்த ருசியைக் கண்டுகொண்டன. தாய் கற்றதைக் கன்றும் கற்றது. இப்பொழுது சில யானைகள் சுங்கம் வசூலிக்கும் உத்தியோகஸ்தர்களைப் போலவே சாலையில் வந்து நின்றுவிடுகின்றன. பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். காட்டில் மைல் கணக்கில் நடந்து புல்லும் பட்டையும் மூங்கிலும் தின்ன வேண்டிய பிராணி, சாலையோரத்தில் பிச்சைக்கு நிற்கக் கற்றுக்கொள்வதில் நமக்கு வேடிக்கை தோன்றவில்லை.

சத்தியமங்கலக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தலைமுறைக் காலம் அந்தப் பெயரைச் சொன்னால் வீரப்பன் நினைவுதான் வந்தது. 2004 அக்டோபரில் அவன் கதை முடிந்தது. 2008-இல் இது சரணாலயமாயிற்று. 2013-இல் புலிகள் காப்பகமாயிற்று. 2011-இல் இருபத்தைந்தாக இருந்த புலிகள் எண்பதாகப் பெருகியதற்காக, 2022-ஆம் வருஷத்தில் சர்வதேசப் பரிசு ஒன்று இக்காப்பகத்துக்குக் கிடைத்தது. துப்பாக்கிக்கும் சந்தன மரத்துக்கும் பெயர் போன காடு பத்துப் பதினைந்து வருஷத்தில் இப்படி மாறியது, நம் தேசத்தார் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் கொள்ளத்தக்க விஷயம்.

பந்திப்பூரிலும் இரவுத் தடை உண்டு. அது நமக்கு முந்தியே, 2009-ஆம் வருஷத்தில் ஆரம்பித்தது. மறு வருஷம் கர்நாடக ஹைகோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. இரவு 9 முதல் காலை 6 வரை. கேரள ராஜ்யத்தார் இதை எதிர்த்து எவ்வளவோ வாதாடியும் தடை நிற்கிறது.

பந்திப்பூர்க் காடு முடிகிற இடமும் முதுமலைக் காடு தொடங்குகிற இடமும் மனிதனுக்குத்தான் தெரியும். பெயர்ப் பலகை இருக்கிறது. யானைக்கு அது ஒரே காடு. மேற்கே கேரளத்து வயநாடும், வடமேற்கே நாகரஹொளேயும், கிழக்கே சத்தியமங்கலமும் சேர்ந்த இப்பெருங் கானகந்தான் உலகத்தில் ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் இடம். இவையெல்லாம் அடங்கிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் அமைக்கப்பட்டது. முதுமலை மட்டும் அதற்கு மிக மூத்தது. தென்னாட்டின் ஆதிச் சரணாலயங்களில் ஒன்றாக, 1940-ஆம் வருஷத்தில், சுமார் 60 சதுர கிலோமீட்டரில் தொடங்கி, இன்று உட்பகுதி 321 சதுர கிலோமீட்டரும் சுற்றுப்பகுதியைச் சேர்த்தால் 688 சதுர கிலோமீட்டருமாக விரிந்திருக்கிறது. 2007-இல் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் இக்காப்பகத்துக்குள் 114 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 306. 2006-இல் இது 76 ஆகத்தான் இருந்தது.

தெப்பக்காட்டில் வனத்துறையாரின் வரவேற்பு நிலையம் இருக்கிறது. காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம், சர்க்கார் வேனில் ஏற்றிக் காட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். இதற்குச் 'சஃபாரி' என்று பெயர். நம்முடன் வந்த ஓர் அம்மாள் இதைச் 'சவாரி' என்றே சொல்லிக்கொண்டு வந்தார். கேட்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு குலத்தைச் சேர்ந்த சொற்கள். சவாரி பாரசீகத்திலிருந்து வந்தது. ஏறிச் செல்வது என்று பொருள். சஃபாரி, அரபு மொழியில் பிரயாணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து கீழ் ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிக்குப் போய், அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. வெள்ளைக்காரத் துரைமார்கள் சுமை தூக்கும் ஆட்களோடு சிங்கமும் யானையும் சுடப் போவதற்குத்தான் முதலில் அந்தப் பெயர் வழங்கிற்று. துப்பாக்கி பிடித்த கை இன்று படப் பெட்டி பிடிக்கிறது, பெயர் மாறவில்லை.

இந்த ஏற்பாட்டை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் தென்னாப்பிரிக்கர் முக்கியமானவர்கள். காந்தியடிகள் 1893 முதல் 1914 வரை வாழ்ந்து சத்தியாக்கிரகத்தைக் கண்டுபிடித்த அதே நாட்டில், வடகிழக்கு மூலையில், க்ரூகர் தேசீய வனம் இருக்கிறது. 1898-இல் சிறு காப்புக் காடாகத் தொடங்கி, 1926-இல் தேசீய வனம் ஆயிற்று; மறு வருஷமே பார்வையாளரின் மோட்டார்கள் உள்ளே சென்றன. பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். நம் முதுமலையின் உட்பகுதி அறுபது அதற்குள் அடங்கும். அங்கே பொழுது சாயும் நேரத்தில் வாசல்களை அடைத்துவிடுகிறார்கள். அதற்குப் பின், வனத்துறையின் வழிகாட்டி அழைத்துச் செல்லும் வண்டியைத் தவிர வேறு எந்த வண்டியும் நடமாடக் கூடாது. பகலிலும் தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் அபராதம். ஆகவே, நம் பண்ணாரிச் சாவடியைப் பற்றி முணுமுணுக்கிறவர்கள், உலகத்தில் நமக்கு மட்டுமே நேர்ந்த கஷ்டம் இது என்று எண்ண வேண்டியதில்லை.

ஆனால் க்ரூகர் வனத்தின் கதையில் சிங்கத்தைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. வனத்தின் வடக்குக் கோடியில் மகுலேகே என்னும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். நிறவெறி சர்க்கார் 1969-ஆம் வருஷத்தில் அவர்களைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றி அந்த நிலத்தை வனத்தோடு சேர்த்துக்கொண்டது. நெல்ஸன் மண்டேலாவின் காலத்தில் அவர்கள் வழக்காடினார்கள். 1998-இல் நிலம் அவர்களுக்கே திரும்பி வந்தது. நிலம் கிடைத்தவுடன் அவர்கள் காட்டை வெட்டி விதைத்துவிடவில்லை. அதை வனமாகவே வைத்துக்கொண்டு, பார்வையாளருக்கு விடுதிகள் அமைக்க இடங்கொடுத்து, வரும்படியை ஊருக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கதை தெப்பக்காட்டில் நமக்கு நினைவு வந்ததற்குக் காரணம், நம்மோடு வேனில் வந்த வழிகாட்டி. இருளர் குலத்தைச் சேர்ந்த இளைஞர். அவருடைய பாட்டனார் தேன் எடுத்த மரத்தையும், தகப்பனார் மாடு மேய்த்த வயலையும் வழியில் காட்டினார். காட்டின் உட்பகுதியில் உள்ள குடிகளை வெளியே மாற்றிக் குடியேற்றும் திட்டம் பல வருஷங்களாக நடைபெறுகிறது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று இருந்தது, 2021-இல் பதினைந்து லட்சம் ஆயிற்று. மறுபுறம், காட்டில் வாழ்வோருக்கு அங்கே உரிமை உண்டு என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. விரும்பிப் போனவர்களும் உண்டு. போய்விட்டு வருந்துகிறவர்களும் உண்டு. "நீங்கள் எந்தப் பக்கம், தம்பி?" என்று நம் நண்பர் கேட்டார். இளைஞர் சிரித்துவிட்டு, "நான் வேனுக்குள்ளே இருக்கிறேனுங்க, சார்" என்றார்.

அவருடைய கண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பயனில்லை. நாம் இருபது பேரும் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துப் புதரை மட்டுமே கண்ட இடத்தில், அவர் டிரைவரின் தோளைத் தொட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். "அந்த மூங்கிலுக்கு இடப்பக்கம், கறுப்பாக." கறுப்பு அசைந்தது, காட்டெருமையாயிற்று. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்களோடு அது நின்ற கம்பீரத்தைப் பார்த்தபின், நம் ஊர்ச் சந்தை மாடுகள் எல்லாம் நினைவில் சிறுத்துப்போயின. புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஒரு மரத்தின்மேல் மந்தி திடீரென்று இருமுவதுபோல் கூவியது. மான்கள் ஒரே சமயத்தில் தலை நிமிர்த்தன. "எங்கேயோ சிறுத்தை நடக்கிறது" என்றார் வழிகாட்டி. கால் மணி நேரம் வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிறுத்தை வரவில்லை. உபாத்தியாயர் ஒருவரின் பெண், ஏழு வயது, "நாம் இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்துவிட்டதா?" என்று காதோடு கேட்டாள்.

புலியையும் நாம் பார்க்கவில்லை. ஈர மணலில் அதன் அடிச்சுவட்டைப் பார்த்தோம், அம்மட்டே. வண்டியில் வந்த சிலருக்குக் கொடுத்த காசு வீணாயிற்று என்று கோபம். அவர்கள் யானைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தபோதுகூட மனம் ஆறவில்லை. மூத்த பெண் யானை முன்னே வந்து நின்று, வண்டியை ஒரு பார்வை பார்த்து, செவியை விரித்து, 'சரி, வாருங்கள்' என்பதுபோல் திரும்பியதும், கன்றுகளை நடுவில் வைத்துக்கொண்டு மற்றவை கடந்து போயின. எல்லாம் ஒன்றரை நிமிஷம் இருக்கும். புலி பார்த்தால்தான் காடு பார்த்ததாக ஆகும் என்ற எண்ணத்தை யார் ஜனங்கள் மனத்தில் விதைத்தார்கள் என்று தெரியவில்லை. அந்த ஆசைதான் மசினகுடிப் பக்கம் சட்ட விரோதமாக இரவில் ஜீப்பில் விளக்கடித்துக் கொண்டு திரியும் தொழிலுக்கு வேர்.

மசினகுடியின் பெயர் வந்ததால் ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 ஜனவரியில், அவ்வூரை அடுத்த தங்கும் விடுதி ஒன்றிலிருந்து, அருகில் வந்த காட்டு யானைமீது எரியும் டயரை வீசினார்கள். ஏற்கெனவே புண்பட்டிருந்த யானை, செவி கருகி, சிகிச்சைக்கு எடுத்துச் செல்லும் வழியில் உயிர்விட்டது. லாரியில் கிடந்த அதன் துதிக்கையைப் பிடித்துக்கொண்டு வனக் காவலர் ஒருவர் கதறிய காட்சியைத் தேசமே பார்த்தது. அந்தச் சீகூர்ப் பீடபூமிதான் நீலகிரிக்கும் மாயாற்றுக்கும் இடையே யானைகள் நடமாடும் வழி. அவ்வழியில் முளைத்த விடுதிகளை மூடவேண்டும் என்ற ஹைகோர்ட்டுத் தீர்ப்பை 2020 அக்டோபர் 14-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. பண்ணாரியில் லாரி டிரைவர் தம் தூக்கத்தையும் கூலியையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கையில், பணம் படைத்த விடுதிக்காரர் யானையின் பாதையை விட்டுக்கொடுக்கச் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது கவனிக்கத்தக்கது.

இதே வட்டாரத்தில் ஆறுதலான காரியமும் நடந்திருக்கிறது. அதே 2021-ஆம் வருஷத்தில், மனிதரையும் மாடுகளையும் கொன்றதாகச் சொல்லப்பட்ட ஒரு புலியைப் பிடிக்க இருபத்தொரு நாள் தேடினார்கள். சுட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, முதலில் உயிரோடு பிடிக்க முயலுங்கள் என்று கோர்ட்டு சொல்லிற்று. அக்டோபர் 15-இல் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அடிச்சுவடு பார்த்து முன்னே நடந்தவர்களில் நம் வழிகாட்டியைப் போன்ற காட்டுக் குடிகள் பலர் இருந்தார்கள்.

வேன் ஓடிய வழியெல்லாம் அழகான பூக்கள். சிவப்பும் மஞ்சளுமாக உன்னிச்செடி. உயரத்தில் பொன் மழை பொழிந்ததுபோல் அயல்நாட்டு மஞ்சள் கொன்றை. பெண்மணிகள் ரசித்துக் கொண்டு வந்தார்கள். வழிகாட்டி, "இவை இரண்டும் இந்தக் காட்டுக்குச் சத்துருங்க" என்றதும் எல்லோருக்கும் திடுக்கிட்டது. உன்னிச்செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. பூவின் அழகுக்காக வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தேசத்துக்குக் கொண்டு வந்தார்கள். கும்பெனி போயிற்று, சாம்ராஜ்யமும் போயிற்று. செடி மட்டும் போகவில்லை! அதன் அடியில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாவிடில் மான் இல்லை. மான் இல்லாவிடில் புலி ஊர் மாட்டைத் தேடி வருகிறது. மஞ்சள் கொன்றையும் அப்படியே. இப்பொழுது அந்த மரங்களை வெட்டி, நம் பக்கத்துக் காவேரிக் கரையிலே, கரூர் ஜில்லாப் புகழூரில் உள்ள சர்க்கார் காகித ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு நடந்து வருகிறது. உன்னிக் குச்சிகளைக் கொண்டு காட்டுக் குடிகள் நிஜ யானை அளவில் உருவங்கள் பின்னுகிறார்கள். அவ்வாறு பின்னிய யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. பிறகு அமெரிக்காவுக்கும் சென்றன. உன்னிச்செடி வந்த வழியே திரும்பிப் போவதற்கு இதைவிட நல்ல உபாயம் யாருக்குத் தோன்றும்?

மாயாற்றின்மேல் வானத்தில் ஒரு பெரிய பறவை, சிறகை அசைக்காமல் வட்டமிட்டது. பருந்து என்று நினைத்தோம். "பாறு" என்றார் வழிகாட்டி. சங்கப் புலவர்கள் போர்க்களங்களில் கண்ட பறவையின் பெயரை அவர் வாயால் கேட்டதில் தமிழாசிரியர் நண்பருக்கு மெய் சிலிர்த்தது. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் இகழ்ந்து சொல்வது இதையே. நம் சமவெளியிலும், செத்த மாட்டைப் போட்ட இடத்தில் இவை கூட்டமாக இறங்கியதை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று தென்னாட்டில் வெண்முதுகுப் பாறுகள் மிகுதியாகக் கூடு கட்டுவது மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். அதுவும் ஆற்றோரத்து நீர்மருத மரங்களில்.

மற்றவை எங்கே போயின? மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் போடும் டைக்ளோஃபினாக் என்ற ஊசி மருந்துதான் அவற்றைக் கொன்றது. மருந்து போட்ட மாடு இறந்து, அதைப் பாறு தின்றால், சில நாளில் சிறுநீரகம் கெட்டுப் பாறும் சாகிறது. 1990-க்குப் பின் இருபது வருஷத்துக்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இத்தேசத்தில் மறைந்தன. கால்நடைகளுக்கு இம்மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கென்று விற்ற பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் அவற்றையும் நிறுத்தினார்கள். அதே குணமுள்ள கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை 2023-இல் தடையாயின. மெலாக்ஸிகம் என்ற மருந்து மாட்டுக்கும் குணம் தருகிறது, பாறுக்கும் தீங்கு செய்வதில்லை. சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் மாடு வைத்திருக்கும் நேயர்கள் கால்நடை வைத்தியரிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம். முதுமலைக்குப் போகாமலே முதுமலைக்குச் செய்யக்கூடிய உபகாரம் இது.

சாயங்காலம் தெப்பக்காட்டு யானை முகாமில் உணவு கொடுக்கும் நேரம். பிரிட்டிஷார் காலத்தில் மரம் இழுப்பதற்காக ஏற்பட்ட முகாம். ஆசியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. இப்பொழுது மர வேலை இல்லை. ஊருக்குள் புகும் காட்டு யானைகளைத் திருப்பி விரட்டும் கும்கி உத்தியோகமும், தாயை இழந்த கன்றுகளுக்கு அடைக்கலமுமே முகாமின் வேலை. கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய்ப் பருமனுக்குக் கவளம் உருட்டுகிறார்கள். ஒவ்வொரு யானைக்கும் இவ்வளவு என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறது. பாகன் வாய்க்குள்ளேயே கொண்டு வைக்கிறான். யானை சமர்த்தாக வாங்கிக்கொள்கிறது. பொம்மன், பெள்ளி என்ற தம்பதிகள் அநாதைக் கன்றுகளை வளர்த்த கதையைச் சொல்லும் தமிழ்ப் படம் 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது இந்த முகாமின் கதைதான். அதைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் மிகுதி. வந்தவர்களில் பலர் யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களையே படம் பிடித்துக்கொள்கிறார்கள். யானை அவர்களைப் பார்க்கிறது.

போக விரும்பும் குடும்பத்தாருக்குச் சில குறிப்புகள். கோடை முற்றும் மாதங்களில் காட்டுத்தீ அபாயத்தால் வேன் பிரயாணத்தை நிறுத்திவிடுவதுண்டு. மழைக்குப் பின்னான மாதங்கள் நல்லவை. புறப்படுமுன் வனத்துறையாரிடம் விசாரித்துச் சீட்டுப் பதிவு செய்துகொள்வது நலம். பளிச்சென்ற நிறத்து ஆடை வேண்டாம். மல்லிகைப்பூவையும் அன்றைக்கு ஒரு நாள் மறந்திருக்கலாம். பிளாஸ்டிக் பைகளைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடக்கூடாது. வழியில் எவரேனும் 'இரவில் புலி காட்டுகிறோம்' என்று அழைத்தால் செவி கொடுக்காதீர்கள். திம்பம் வழியாகத் திரும்புகிறவர்கள், சொந்த மோட்டாரானாலும், காராப்பள்ளச் சாவடியை இரவு 9 மணிக்கு வெகு முன்பே கடக்கும்படி தெப்பக்காட்டை விட்டுக் கிளம்பவேண்டும். நேரம் தப்பினால், அன்றிரவுக்கு எல்லைக்கப்பால் சாமராஜநகரில் சத்திரம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.